"வேலையை விட்டுட்டுத்தான் போகணுமாம்!" - கைலாசபுரத்து அக்காவும் ஒரு வருட வெளிநாட்டுத் தன்னார்வப் பணியும்

போன மாதம் இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் திருச்சி கைலாசபுரம், பெல் டவுன்ஷிப். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, பக்கத்து குவார்ட்டர்ஸ் அத்தை வந்துவிட்டார்.

"ஏன்ப்பா, நீ பத்திரிகையிலதானே இருக்க? இதெல்லாம் நிஜமான்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்."

விஷயம் இதுதான். அத்தையின் மகளுக்கு 27 வயது. சிவில் இன்ஜினீயர். சென்னையில் குடிநீர்த் திட்டங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் ஒரு கன்சல்டன்சியில் நான்கு வருடமாக வேலை. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் விண்ணப்பித்திருக்கிறார். கிழக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில், கிராமக் குடிநீர்ப் பணி, ஒரு வருடம். தேர்வாகிவிட்டார். ஆபீஸில் போய் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் நம்ம பாலிசியில இடமில்லை. போறதுன்னா பேப்பர் போட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

"சம்பளம் வாங்குற வேலையை விட்டுட்டு, சம்பளம் இல்லாத வேலைக்கு வெளிநாடு போறாளாம். கேட்டா, 'அனுபவம்மா'ங்கிறா. இங்க இல்லாத அனுபவமா?"

அத்தையின் கேள்வியைச் சிரித்துவிட்டுத் தள்ள முடியவில்லை. மாமாவுக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகளின் கல்விக்கடன் பாதிதான் அடைந்திருக்கிறது. இந்தக் கணக்குகளுக்கு நடுவில் "அனுபவம்" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? சென்னை திரும்பியதும் உட்கார்ந்து தேடினேன். அத்தைக்குச் சொல்ல வேண்டிய பதிலோடு, அந்த அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய பதிலும் கிடைத்தது.

முதலில், இது நிஜமா?

நிஜம்தான். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-ல் ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் போட்டுத் தொடங்கியது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். சமீப வருடங்களில் ஆண்டுக்கு 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இதன் வழியாகப் பல நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். இளைஞர்களுக்கு 18 முதல் 26 வயது வரை ஒரு பிரிவு. 27 வயதைத் தாண்டி, மூன்று வருடத் துறை அனுபவம் இருந்தால் இன்னொரு பிரிவு. அக்கா தேர்வானது அதில்தான். 35 வயதுக்கு மேல், 15 வருட அனுபவம் உள்ள நிபுணர்களுக்குத் தனியாக ஒன்று.

"சம்பளம் இல்லை" என்பதும் முழுக்கச் சரியில்லை. சம்பளம் என்று பெயர் வைக்காமல் வாழ்க்கைப்படி தருகிறார்கள். அந்த ஊரில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, நிம்மதியாக இருக்கப் போதுமான தொகை. விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. முக்கியமாக, விண்ணப்பிக்கவோ தேர்வாகவோ நம்மிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கமாட்டார்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022-ல் நல்ல ஐ.டி. வேலை என்று நம்பி தாய்லாந்துக்குக் கிளம்பிய தமிழக இளைஞர்கள், மியான்மரின் மியாவாடி பகுதியில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. "வாலன்டியர்" என்ற பெயரிலும் அதே மாதிரி வலை விரிக்கலாம். பதிவுக் கட்டணம், விசா செயலாக்கக் கட்டணம் என்று யாராவது ஐ.நா. பெயரில் பணம் கேட்டாலோ, கடிதம் ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அக்காவுக்கு வந்த மெயிலை அத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஐ.நா. முகவரிதான், பணம் எதுவும் கேட்கவில்லை.

கைப்பம்பு சொல்லித் தரும் பாடம்

அடுத்த கேள்விதான் கஷ்டமானது. அங்கே போய் என்ன கற்றுக்கொள்ள முடியும்? நான்கு வருடம் குழாய்க்கு அளவு போட்ட இன்ஜினீயருக்கு ஆப்பிரிக்கக் கிராமம் எதைப் புதிதாகச் சொல்லித் தரும்?

நம் ஊர்த் தெருக்களில் இருக்கும் அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் 'இந்தியா மார்க் 2'. 1970-களில் யுனிசெஃப் உதவியோடு உருவானது. மெட்ராஸில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் நிறுவனம் தயாரித்து, கோவைப் பக்கத்தில் சோதித்துப் பார்த்த பம்பு அது. பிறகு கடல் கடந்து ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கே ஊர் நடுவில் பெண்கள் குடத்தோடு நின்று அடிப்பது பல இடங்களில் நம் ஊர் பம்பைத்தான்.

பம்பு போய்ச் சேர்ந்தது, ஓடவில்லை. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள நாடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கைப்பம்புகள் வேலை செய்யாமல் நிற்பதாக 2009-ல் ஒரு கணக்கு வெளியானது. இரும்பும் வடிவமைப்பும் சரியாகத்தான் இருந்தன. தேய்ந்துபோன ஒரு வாஷர் வாங்கப் பக்கத்தில் கடை இல்லை. கடை இருந்தால் வாங்கப் பணம் இல்லை. பணம் வசூலித்தாலும் யாரிடம் கொடுத்து வைப்பது என்பதில் ஊருக்குள் சண்டை. பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் வேறு ஊருக்குப் பிழைக்கப் போய்விட்டார்.

இதில் எதுவும் கல்லூரிப் பாடத்தில் வராது. சென்னை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் திரையிலும் தெரியாது. அந்த ஊருக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்து, மொழி தெரியாமல் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, "தண்ணீர்ப் பணத்தை யார் வைத்துக்கொள்வது?" என்ற பேச்சுவார்த்தையில் மூன்று வாரம் பொறுமையாக இருந்தால்தான் தெரியும். முதல் வாரம் இன்ஜினீயர் பேசுவார். இரண்டாம் வாரம் பேச்சைக் குறைப்பார். மூன்றாவது வாரம்தான் ஊர்க்காரர்கள் வாயைத் திறப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. தன்னார்வலருக்கு ஒரு கெடு இருக்கிறது. ஒரு வருடம் முடிந்தால் கிளம்பியாக வேண்டும். அதனால் "நான் செய்து முடிக்கிறேன்" என்பது அங்கே தோல்வி. தான் கிளம்பிய பிறகும் ஓடுகிற மாதிரி இன்னொருவர் கையில் வேலையைக் கொடுத்துவிட்டு வருவதுதான் வெற்றி. நம் அலுவலகங்களில் எத்தனை மேனேஜர்களுக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் பத்து நாள் லீவு போட்டால் மொத்த டீமும் நின்றுவிடுகிறது. (எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.)

இப்போது இதை நம் ஊருக்குத் திருப்பிக்கொண்டு வாருங்கள். 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் ஊரக வீடுகளுக்குக் குழாய் இணைப்பு தரப்படுகிறது. குழாய் பதித்த பிறகு அதைப் பராமரிக்க வேண்டியது ஊராட்சியும் கிராமக் குடிநீர்க் குழுவும்தான். கட்டணம் வசூலிப்பது, மோட்டார் ரிப்பேர், வால்வு திறப்பவருக்குச் சம்பளம், மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்ற தகராறு... ஆப்பிரிக்கக் கிராமத்தில் பார்த்த அதே பிரச்னைகள். அந்த ஒரு வருடத்தை முடித்து வரும் இன்ஜினீயர் அடுத்த வரைபடத்தைப் போடும்போது, வால்வை எங்கே வைத்தால் ஆயாவுக்குக்கூடத் திறக்க முடியும், எந்த உதிரிபாகம் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் என்று யோசித்துப் போடுவார். குடிநீர்த் திட்டங்களில் பிழைக்கும் ஒரு கன்சல்டன்சிக்கு இதைவிட நல்ல பயிற்சியைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. அந்தப் பயிற்சியை ஐ.நா. செலவில் முடித்துத் தருகிறேன் என்று வந்து நிற்பவரிடம்தான் "பேப்பர் போடுங்க" என்கிறார்கள்.

காசு கொடுத்து அனுப்பும் கம்பெனிகள்

"கம்பெனிக்கு இதில் என்ன லாபம்?" என்று ஹெச்.ஆர். கேட்பது நியாயம்தான். கம்பெனி தர்மசத்திரம் இல்லை. ஆனால், லாபத்தைக் கணக்குப் போட்டுத்தான் பெரிய கம்பெனிகள் தாங்களாகவே செலவு செய்து ஊழியர்களை அனுப்பின.

ஐபிஎம் 2008-ல் 'கார்ப்பரேட் சர்வீஸ் கோர்ப்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெவ்வேறு நாடுகளில் வேலை பார்க்கும் பத்துப் பதினைந்து ஊழியர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, வளரும் நாடு ஒன்றுக்கு ஒரு மாதம் அனுப்புவார்கள். போவதற்கு முன் மூன்று மாதம் தயாரிப்பு, வந்த பின் இரண்டு மாதம் அனுபவப் பகிர்வு. போகிற இடத்தில் ஒரு அரசுத் துறைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ சிறு தொழில் அமைப்புக்கோ இலவசமாக வேலை. ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாது. ஒருவர் பிரேசில், ஒருவர் ஜப்பான், ஒருவர் இந்தியா. மேலதிகாரி யாரும் கூட இல்லை. பழைய பதவியின் பெயரைச் சொல்லி வேலை வாங்க முடியாது.

ஐபிஎம்முக்கு இதில் மூன்று கணக்குகள் இருந்தன. போன ஊருக்கு உதவி, ஊழியருக்குத் தலைமைப் பயிற்சி, கம்பெனிக்குப் புதிய சந்தையைப் பற்றிய அறிவு. மூன்றாவது வெறும் பேச்சாக இல்லை. நைஜீரியாவின் கிராஸ் ரிவர் மாநிலத்தில் இப்படி ஒரு குழு வேலை பார்த்த பிறகு, 2010-ல் அந்த மாநிலத்தின் இரண்டு பொதுநலத் திட்டங்களை நிர்வகிக்கும் ஒப்பந்தம் ஐபிஎம்முக்கே கிடைத்தது. இது ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பாடமாக எழுதப்படும் அளவுக்குப் போனது.

ஐபிஎம் முதலாவதும் இல்லை. மருந்து நிறுவனமான ஃபைசர் 2003-லேயே தன் ஊழியர்களைப் பல மாதங்களுக்கு வெளிநாட்டுச் சுகாதாரப் பணிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. தணிக்கை நிறுவனமான பிடபிள்யுசி 2001-ல் தன் பார்ட்னர்களையே எட்டு வாரத்துக்கு ஏழை நாடுகளுக்கு அனுப்பியது. ஏசி அறையில் கணக்குப் பார்த்துப் பழகியவர்களைக் கம்ப்யூட்டர் இல்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான். எஸ்ஏபி 2012-ல் ஆரம்பித்தது.

இதில் எனக்குப் பிடித்தது ஜப்பான் கதை. ஜப்பான் அரசு 1965-லிருந்து இளைஞர்களைத் தன்னார்வலர்களாக வெளிநாடுகளுக்கு அனுப்பிவருகிறது. முதல் குழு போனது லாவோஸ் நாட்டுக்கு. 2012-ல் இதில் ஒரு புது வழியைச் சேர்த்தார்கள். ஒரு தனியார் கம்பெனி, நாளைக்குத் தான் வியாபாரம் செய்ய நினைக்கும் நாட்டுக்கு, தன் ஊழியரை அரசின் தன்னார்வலராக அனுப்பலாம். ஊழியர் அந்த ஊர் மொழியைப் பேசி, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, பஸ் ஏறிப் பழகித் திரும்பி வருவார். வேலை அப்படியே இருக்கும். கம்பெனிக்கு அந்த நாட்டை உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்த ஓர் ஆள் கிடைப்பார்.

அமெரிக்காவின் பீஸ் கோர்ப்ஸில் 1961-லிருந்து இதே கதைதான். இரண்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் சேவை முடித்துத் திரும்புகிறவர்களை, குறிப்பிட்ட காலத்துக்குள், வழக்கமான போட்டி முறை இல்லாமலே அரசு வேலையில் எடுத்துக்கொள்ள அங்கே விதி இருக்கிறது. அரசாங்கம் ஒரு முதலாளியாகத் தனக்கு வேண்டிய ஆளை எங்கே தேடுகிறது பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸை இணைந்து தொடங்கிய ரீட் ஹேஸ்டிங்ஸ் 1983 முதல் 1985 வரை ஸ்வாசிலாந்தில் கணக்கு வாத்தியார். பிற்காலத் தொழில் துணிச்சலுக்கு அந்த நாட்களையும் ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார்.

நம் ஊரில் ஏன் இல்லை?

தேடியதில் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று நாம் அடிக்கடி கேட்பது இதுதான். ஆனால், இந்தியாவுக்கு வெளியே செய்யும் பணிகள் இந்தக் கணக்கில் வராது. மாநிலத்தையோ நாட்டையோ பிரதிநிதித்துவப்படுத்தும் விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கு மட்டும் விலக்கு. ஆக, ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதே நம் கம்பெனிகளுக்குக் குழப்பம். சமூகப் பணிப் பட்டியலில் சேராது. பயிற்சிச் செலவு என்று எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்த விதியைக் குறை சொல்லவில்லை. இங்கேயே செய்ய வேண்டியது மலைபோல இருக்கும்போது பணம் இங்கேயே செலவாகட்டும் என்பது நியாயம். உள்நாட்டிலேயே வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். டாடா குழுமம் 2014-லிருந்து 'ப்ரோஎன்கேஜ்' என்ற பெயரில், தன் ஊழியர்கள் தங்கள் தொழில் திறமையைத் தொண்டு நிறுவனங்களுக்குச் சில மாதங்கள் பகுதிநேரமாகத் தர வழி செய்திருக்கிறது. ஆனால், அக்காவின் விஷயத்தில் கம்பெனி காசு கொடுக்க வேண்டியதே இல்லை. நாற்காலியை ஒரு வருடம் வைத்திருந்தால் போதும். அதற்குச் சட்டம் தடையில்லை, 'பாலிசி'தான் தடை. பாலிசியை எழுதியவர்கள் மனிதர்கள்தானே?

ஒரு வருடம் ஆள் இல்லாமல் சிறிய கம்பெனி எப்படி ஓட்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 20 பேர் இருக்கும் அலுவலகத்தில் ஒருவர் போனால் அடி பலமாகத்தான் விழும். ஆனால், அவர் ராஜினாமா செய்தாலும் அதே நாற்காலி காலிதான். அப்போது திரும்பி வரும் உறுதியும் இருக்காது. அனுபவத்தோடு திரும்பி வந்தவர் போட்டிக் கம்பெனியில் போய்ச் சேருவார்.

கைலாசபுரத்துக்கு இது புதிதா?

ஒருநாள் சாயங்காலம் டவுன்ஷிப் சாலையில் நடந்தபோது தோன்றியது. இந்த ஊரே வெளிநாட்டுக்காரர்கள் வந்து சொல்லிக்கொடுத்ததில் வளர்ந்த ஊர். 1960-களில் இங்கே உயரழுத்த பாய்லர் ஆலை அமைந்தது செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு. 1975-ல் இதே வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு. வந்தவர்கள் சம்பளம் வாங்கிய நிபுணர்கள்தான், தன்னார்வலர்கள் இல்லை. ஆனாலும், வேறு நாட்டில் வேறு மொழி பேசுகிறவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்து, அதை அவர்கள் கையில் விட்டுவிட்டுப் போவது என்றால் என்ன என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. அவர்கள் விட்டுச் சென்றதை வைத்துத்தான் நம் மாமாக்கள் முப்பது வருடம் சம்பளம் வாங்கினார்கள்.

ஆனால் அந்த நாட்கள் மாறிவிட்டன. ஆலைக்கு ஆர்டர் குறைந்தபோது திருவெறும்பூர், துவாக்குடி சுற்றுவட்டாரத்தில் அதை நம்பியிருந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் தள்ளாடியதைத் திருச்சிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே வாசலை நம்பி நிற்க முடியாது என்று தெரிந்துகொண்ட தலைமுறை அக்காவுடையது. அதனால்தான் "அனுபவம்மா" என்கிறார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இன்னொரு கம்பெனி டவுன்ஷிப்பின் கதையும் நினைவுக்கு வருகிறது. 1966-ல் அமெரிக்காவிலிருந்து 68 வயதுப் பாட்டி ஒருவர் பீஸ் கோர்ப்ஸ் தன்னார்வலராக இந்தியா வந்தார். தொழில் நர்ஸ். பம்பாயை அடுத்த விக்ரோலியில் கோத்ரெஜ் குடியிருப்பில் வேலை பார்த்தார். பெயர் லில்லியன் கார்ட்டர். பத்து வருடம் கழித்து அவர் மகன் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார். இதை மாமாவிடம் சொன்னபோது நியூஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்ப ரிட்டயர் ஆனவங்களும் போகலாமா?" என்று கேட்டார். 15 வருட அனுபவப் பிரிவைப் பற்றிச் சொன்னேன். அத்தை முறைத்த முறைப்பில் பேச்சு அங்கேயே நின்றது.

எல்லாம் நல்லதுதானா?

இல்லை. வெளிநாட்டுத் தன்னார்வப் பணி என்ற பெயரில் நடக்கும் சுற்றுலா வியாபாரம் ஒன்று இருக்கிறது. கம்போடியாவிலும் நேபாளத்திலும், வெள்ளைக்கார இளைஞர்கள் பணம் கட்டி இரண்டு வாரம் குழந்தைகளோடு விளையாடிவிட்டுப் போவதற்காகவே, பெற்றோர் இருக்கும் பிள்ளைகளையும் கொண்டுவந்து காப்பகங்களை நிரப்பிய கொடுமை நடந்தது. நம் பிள்ளைகள் போகும்போதும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: நான் செய்யப்போகும் வேலையை அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்ய முடியாதா? முடியும் என்றால், நான் ஏன் போகிறேன்? கையில் ஒரு தொழில் இருந்து, அந்த ஊர் அதைக் கேட்டு, முடிந்ததும் அதை அங்கே விட்டுவிட்டு வர வழி இருந்தால் போகலாம். இல்லையென்றால் டிக்கெட் செலவு மிச்சம்.

கற்றுக்கொள்ள வெளிநாடுதான் போக வேண்டும் என்றும் இல்லை. சுகாதாரம், கழிப்பறை, கிராமத் தண்ணீர் என்று வேலை பார்க்க நினைப்பவருக்குத் திருச்சியே ஒரு பள்ளிக்கூடம். இங்கிருந்து இயங்கும் 'ஸ்கோப்' அமைப்பின் சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ. 'கிராமாலயா' தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ. இருவருமே கழிப்பறைக்காக வாழ்க்கையைக் கொடுத்தவர்கள். முசிறி இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள். அங்கே நடந்த சூழலியல் கழிப்பறை முயற்சியைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள், நம்மில் பலர் எட்டிப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு ஐ.நா.வின் ஆன்லைன் தன்னார்வப் பணியும் உண்டு. 18 வயது முடிந்திருந்தால், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, வீட்டிலிருந்தே. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தகவல் சேகரிப்பு என்று வேலைகள் வரும். மகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப் பயப்படும் வீடுகளில் முதலில் இதைத் தொடங்கலாம்.

அக்கா அனுப்பிய மெயில்

அக்காவிடம் போனில் பேசினேன். ரெஸ்யூமே பற்றித்தான் அதிகம் பேசினோம். திரும்பி வருகிறவர்கள் செய்யும் தவறு, "ஒரு வருடம் சமூக சேவை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது. படிப்பவர் அதை விடுமுறை என்று நினைத்துக்கொள்வார். உதாரணத்துக்கு, "இத்தனை கிராமங்களில் தண்ணீர்க் குழு அமைத்தேன், இவ்வளவு பம்புகள் மறுபடி ஓடத் தொடங்கின, நான் வந்து ஆறு மாதம் கழித்தும் இத்தனை ஓடுகின்றன" என்று எழுதினால் இன்டர்வியூவில் கேள்வியே மாறிவிடும். அதற்கு முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எண்ணிக்கை எழுத வேண்டும். திரும்பி வரும்போது ஞாபகத்தில் இருப்பது போட்டோ மட்டும்தான்.

அலுவலகத்துக்கு என்ன எழுதுவது என்றும் பேசினோம். "லீவு கொடுங்கள்" என்பதற்குப் பதில், "நான் போய் வந்தால் இது கிடைக்கும்" என்று எழுதலாம் என்றேன். கிராமக் குழுக்களோடு வேலை செய்த அனுபவம், நம்முடைய அடுத்த ஊரகத் திட்டத்தின் பராமரிப்புப் பகுதியை நானே எழுதுகிறேன், வந்ததும் டீமுக்கு நான்கு சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன், போகும் முன் என் வேலையை இரண்டு மாதத்தில் ஜூனியரிடம் ஒப்படைக்கிறேன், திரும்பி வந்து குறைந்தது ஒன்றரை வருடம் இங்கே இருப்பேன் என்று எழுத்தில் தருகிறேன். கடைசி வரி அவரே சேர்த்தது. நிறுவனருக்கு நேரடியாக அனுப்பி, ஹெச்.ஆருக்குக் காப்பி போட்டிருக்கிறார்.

இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. கிளம்ப வேண்டிய தேதிக்கு ஏழு வாரம் இருக்கிறது.

நேற்று ராத்திரி அத்தை போன் செய்தார். வாழ்க்கைப்படியில் மிச்சம் பிடித்து மாதத் தவணை கட்ட முடியுமா என்று மாமா பழைய டைரியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாராம். மாதம் நாலாயிரம் ரூபாய் இடிக்கிறதாம். "அந்த நாலாயிரத்தை நாங்க பார்த்துக்குறோம்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஏன்ப்பா, ஃப்ளைட்ல ஊறுகாய் எத்தனை கிலோ விடுவாங்க?" என்று கேட்டார்.